சேர்ந்து பாடுவோம்: நம்பிக்கையும் மகிழ்ச்சியும் உழைப்பவர் உரிமை

(கலைக்குழுத் தோழர்களுக்கும் கிளைச் செயலாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த முகாமின் நிகழ்ச்சி நிரலில் அரசியல் நிலைமை, அமைப்பு, நிதி ஆகிய தலைப்புகளுக்கு நடுவே "பாடுதல்" என்றொரு தலைப்பும் இடம் பெற்றிருக்கிறது. சில தோழர்களுக்கு இது வியப்பளித்திருக்கக் கூடும். கூட்டத்துக்கு ஆள் சேரும் வரை ஒலிபெருக்கியில் ஒலிப்பதும், நீண்ட உரைகளுக்கு இடையே களைப்பு நீங்க இசைப்பதுமே பாட்டு என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்தக் கருத்தைப் பரிசீலிப்பதே இந்த உரையின் நோக்கம்.

பாட்டுக் கேட்பது குறித்து இங்கே அதிகம் பேசப் போவதில்லை. பாடுவது குறித்தே பேசப் போகிறேன். குறிப்பாக, நல்ல குரல் வாய்த்த ஒருவர் மேடையில் பாடுவதைக் காட்டிலும், குரல் வளம் இருப்பவரும் இல்லாதவரும் தோளோடு தோள் நின்று சேர்ந்து பாடுவது குறித்துப் பேசப் போகிறேன். உழைக்கும் மக்களுக்கு உணவும் ஓய்வும் எப்படித் தேவையோ, அப்படியே சேர்ந்து பாடுவதும் ஒரு தேவை. அந்தத் தேவை மறுக்கப்படும்போது அவர்களது நம்பிக்கையும் சிறுகச் சிறுகப் பறிபோகிறது. இதை நமது இயக்கத்தின் வரலாற்றிலிருந்தே நிறுவ முடியும்.

பட்டினியின் நடுவே பாட்டா?

"மக்கள் பசியால் வாடும்போது பாட்டு எதற்கு?" என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. நேர்மையான கேள்விதான். இதற்கான விடையை 1943ஆம் ஆண்டு வங்காளம் அளித்திருக்கிறது.

அந்தப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டனர். மழை பொய்த்ததால் மட்டும் வந்த பஞ்சமல்ல அது. ஜப்பானியப் படை வந்துவிடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, கடலோர மாவட்டங்களில் படகுகளையும் அரிசி இருப்புகளையும் அப்புறப்படுத்தியது. போர்க்காலப் பணவீக்கமும் பதுக்கலும் சேர்ந்து, நெல் விளைவித்தவர்களுக்கே அரிசியை எட்டாக்கனி ஆக்கின. கல்கத்தா நகரின் தெருக்களில் வந்து விழுந்த கிராமத்து மக்கள் சோறு கூடக் கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியைக் கேட்டே கதறினர் என்பது அக்காலத்தை நேரில் கண்ட பலரும் பதிவு செய்திருக்கும் செய்தி.

அதே ஆண்டு மே 25 அன்று பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, உருவானது. வங்கத்தில் பினாய் ராய் தலைமையில் அமைந்த கலைக்குழு, பஞ்ச நிவாரணத்துக்காக ஊர் ஊராகச் சென்றது. 1944இல் அக்குழு பம்பாய் வந்து, வங்கத்தின் பசியைப் பாட்டிலும் ஆட்டத்திலும் எடுத்துரைத்தது. மொழி புரியாத மக்களும் அந்தக் குரலைப் புரிந்துகொண்டனர். நிவாரணத்துக்கு நிதி குவிந்தது. அந்தப் பயணம் பதித்த தடத்தில்தான் இப்டாவின் மத்தியக் கலைக்குழு பம்பாயில் உருவாயிற்று. சாந்தி பர்தன் நடனத்தை அமைத்தார். இளைஞரான ரவிசங்கர் பின்னர் அக்குழுவுக்கு இசையமைத்தார். கல்கத்தாவில் ஜோதிரிந்திர மொய்த்ரா, தெருவில் கண்ட மரணங்களின் அதிர்ச்சியிலிருந்து ஒரு சேர்ந்திசைத் தொகுப்பையே படைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் கவனத்துக்குரியது: "நவஜீவனேர் கான்", புதுவாழ்வின் பாடல். பிணங்களுக்கு நடுவே பிறந்த இசைக்கு அவர் வாழ்வின் பெயரையே சூட்டினார்.

பாட்டு எவருடைய பசியையும் ஆற்றவில்லை. ஆனால் பசித்தவர்களைக் கைவிடப்பட்டவர்களாக விட்டுவிடாமல், அவர்களது துயரத்தை ஒரு தேசத்தின் துயரமாக அது மாற்றியது. "எல்லாம் விதி" என்று முடங்கிய மனத்தில், "இது மனிதர் செய்த கொடுமை; மனிதரால் மாற்றவும் முடியும்" என்ற எண்ணத்தை விதைத்தது. நம்பிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான்.

உழைப்பின் மடியில் பிறந்தது

பாட்டு எங்கிருந்து வந்தது? 1896இல் ஜெர்மானியப் பொருளியலாளர் கார்ல் பூஷர் "உழைப்பும் தாளமும்" என்ற நூலை வெளியிட்டார். பல்வேறு மக்களின் உழைப்புப் பாடல்களைத் தொகுத்து, பலர் சேர்ந்து செய்யும் வேலையின் இயக்கத்துக்கும் பாட்டின் தாளத்துக்கும் உள்ள உறவை அவர் விளக்கினார். கலையின் தோற்றம் பற்றி எழுதிய பிளெக்கானவ் இந்நூலைப் பயன்படுத்தினார். பின்னர் ஜார்ஜ் தாம்சன் "மார்க்சியமும் கவிதையும்" என்ற சிறு நூலில் இந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்தார்.

நமக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல. ஏற்றப்பாட்டும், நடவுப்பாட்டும், வலை இழுக்கும் மீனவரின் அம்பாப் பாட்டும் இதையே சொல்கின்றன. பத்துப் பேர் ஒரே நொடியில் வலையை இழுக்க வேண்டுமானால், அந்த நொடியை அறிவிக்க ஒரு குரல் வேண்டும். அதற்கு மறுமொழியாக மற்றக் குரல்கள் வேண்டும். வலியைப் பகிர்ந்துகொள்ளவும் உழைப்பின் சுமையைக் குறைத்துக்கொள்ளவும் மனிதன் கண்டுபிடித்த முதற்கருவிகளில் ஒன்று பாட்டு.

மராட்டியத்தில் விடியலுக்கு முன் எழுந்து, திருகையில் மாவரைத்தபடி பெண்கள் பாடிய பாடல்கள் "ஓவி" எனப்படுகின்றன. ஹேமா ராய்க்கர், கீ புவாத்வேன் ஆகிய இரு ஆய்வாளர்களின் முன்முயற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓவிப் பாடல்கள் திரட்டப்பட்டுள்ளன. பிறந்த வீட்டு ஏக்கம், மாமியார் வீட்டுக் கொடுமை, சாதி இழிவு, அம்பேத்கர் மீது கொண்ட பேரன்பு என அனைத்தும் அவற்றில் உண்டு. வீட்டில் வாய் திறக்க அனுமதிக்கப்படாத பெண், திருகையின் முன் அமர்ந்தபோது மட்டும் தன் வாழ்வைத் தானே விமர்சித்தாள். பக்கத்தில் அமர்ந்து அரைத்த பெண் அடுத்த அடியைத் தொடுத்தாள். மின்சார அரவை ஆலை வந்தபோது உடலுழைப்பு குறைந்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் இரு பெண்கள் சேர்ந்து அமர்ந்து மனம் திறக்கும் அந்த இடமும் உடன் மறைந்தது. அதற்கு மாற்றாக அவர்களுக்கு எந்த இடமும் தரப்படவில்லை.

இயந்திரத்தை நாம் எதிர்ப்பதில்லை. எந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யாருக்குச் சென்றது என்று கேட்கிறோம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தன் விருப்பப்படியான வாழ்வு என்று மே தினத் தியாகிகள் கேட்டார்களே, அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான் பாட்டும் இருக்கிறது.

உடலும் உள்ளமும்

சேர்ந்து பாடும்போது உடலில் என்ன நிகழ்கிறது என்பதை இன்று அறிவியலும் ஆராய்கிறது. பாடுவது என்பது, குறுகிய நேரத்தில் மூச்சை இழுத்து, நீண்ட நேரம் சீராக வெளியேற்றுவது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணித்துப் பதற்றத்தைக் குறைக்கிறது. சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, சேர்ந்து பாடுவோர் பாட்டின் அடிகளுக்கு ஏற்ப ஒரே நேரத்தில் மூச்சு விடுவதால், அவர்களது இதயத் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டியது. "ஒரே மூச்சாய் நின்றோம்" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, அது வெறும் உவமை அல்ல.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மற்றொரு முடிவை வெளியிட்டனர். முதியோர் கல்வி வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஏழு மாதங்கள் கவனித்தனர். சிலர் பாட்டு வகுப்பிலும், சிலர் கைவினை வகுப்பிலும், சிலர் எழுத்துப் பயிற்சியிலும் இருந்தனர். இறுதியில் எல்லாக் குழுக்களிலும் நெருக்கம் ஏற்பட்டிருந்தது. ஆனால் பாடியவர்களிடையே அந்த நெருக்கம் மற்றவர்களைவிட வெகு விரைவில் ஏற்பட்டது. முன்பின் அறியாதவர்களை விரைவில் ஒன்றுபடுத்த வேண்டிய தொழிற்சங்க ஊழியர் எவரும் இந்த முடிவை எளிதில் கடந்து செல்ல முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மன அழுத்தத்துக்கு இசையே மருந்து என்று விற்பனை செய்ய இன்று ஒரு சந்தையே வளர்ந்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, மனநலப் பயிற்சி என்ற பெயரில் அரை மணி நேரம் இசை கேட்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. கூலிக்கோ வேலைப் பாதுகாப்புக்கோ மருத்துவமனைக்கோ பாட்டு மாற்றாகாது. மன நோயால் துன்புறுபவருக்கு மருத்துவம் தேவை. அதை மறுத்துப் பாட்டைப் பரிந்துரைப்பது மூடத்தனம். தனி மனிதனைச் சுரண்டலுக்குப் பழக்கப்படுத்தும் அமைதி நமக்கு வேண்டாம். சுரண்டலை எதிர்த்து நிற்பதற்கான தெம்பைத் தரும் மகிழ்ச்சியே நமக்கு வேண்டும்.

ஆலையிலும் வயலிலும் தோட்டத்திலும்

பம்பாயின் ஆலைப் பகுதியான கிரண்காவ், இந்த மகிழ்ச்சியின் இயல்பை நன்கு அறிந்திருந்தது. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஓரறைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். 1944இல் அண்ணா பாவ் சாத்தே, அமர் ஷேக், தத்தா கவாண்கர் ஆகியோர் இணைந்து "லால் பாவ்டா கலாபதக்" என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினர். அண்ணா பாவ் சாத்தே, ஒடுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர், முறையான பள்ளிக் கல்வி பெறாதவர், ஆலைத் தொழிலாளி. பொவாடா என்னும் வீரப்பாடல் வடிவத்தில் அவர் ஸ்டாலின்கிராடு போரைப் பாடினார். ஊரில் விட்டு வந்த துணைவியை எண்ணி ஏங்கும் தொழிலாளியின் பாட்டையும் அவரே எழுதினார். ஐக்கிய மராட்டிய இயக்கக் காலத்தில் அந்தப் பாட்டு பெருந்திரளான மக்களின் நாவில் நடமாடியது. பிரிவாற்றாமை அரசியலுக்குத் தொடர்பற்றது என்று அவர் கருதவில்லை. தொழிலாளியின் நெஞ்சில் இருந்த ஏக்கத்தை மதித்த பிறகே, அவனது கோபத்துக்கும் அவரால் குரல் கொடுக்க முடிந்தது.

தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடந்த ஆயுதந்தாங்கிய உழவர் போராட்டத்தின் வீச்சில் சுமார் 3,000 கிராமங்கள் நிலப்பிரபுக்களின் பிடியிலிருந்து விடுபட்டன. எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த அந்த மண்ணில் அரசியல் கல்வியைக் கொண்டு சென்றவை பாட்டும் புர்ரகதையும். புர்ரகதையின் அமைப்பை நம் கலைக்குழுத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நடுவில் கதை சொல்பவர் தம்புராவுடன் நிற்பார். ஒருபுறம் நிற்பவர் கதையை நடப்பு அரசியலோடு இணைத்துப் பேசுவார். மறுபுறம் நிற்பவர் நகைச்சுவையால் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். துயரம், அரசியல், சிரிப்பு மூன்றும் ஒரே மேடையில் அக்கம்பக்கமாக நிற்கும் வடிவம் அது. சுத்தால ஹனுமந்து, மாடு மேய்க்கும் சிறுவனின் கொத்தடிமை வாழ்வைத் தாலாட்டைப் போன்ற கனிவோடு பாட்டாக்கினார். பண்டி யாதகிரி, நிஜாமின் ஆட்சியை நேருக்கு நேர் சாடும் பாட்டைக் கட்டினார். பின்னர் அப்போராட்டத்திலேயே உயிரிழந்தார். 1979இல் கௌதம் கோஷ் இயக்கிய "மா பூமி" திரைப்படத்தில் அந்தப் பாட்டைக் கத்தர் பாட, அது அடுத்த தலைமுறைக்கும் சென்றது.

தமிழ்த் தொழிலாளரோடு நேரடித் தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவை மிகக் குறுகிய பெரும்பான்மையுடன் இயங்கிய காலம். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலைச் சரிவுகளில் சிதறிக் கிடந்த அந்தக் குடியிருப்புகளுக்குப் பண்ணைப்புரத்திலிருந்து சென்ற பாவலர் வரதராசன், அவர்கள் அறிந்த மெட்டுகளிலேயே அரசியலைப் பாடினார். தோழர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கு இருந்த பங்கு இன்றும் நினைவுகூரப்படுகிறது.

பகையைத் தணித்த குரல்கள்

1960ஆம் ஆண்டு அசாமில் மொழிக் கலவரம் வெடித்தது. அசாமியரும் வங்காளியரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதிய நாட்கள். கிராமங்கள் எரிந்தன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த நேரத்தில் வங்காளியரான ஹேமாங்க பிஸ்வாசும், அசாமியரான பூபேன் ஹசாரிகாவும் இரு மொழிக் கலைஞர்களையும் பழங்குடிக் கலைஞர்களையும் திரட்டிக்கொண்டு, கலவரம் பாதித்த பகுதிகளுக்குச் சென்றனர். ஹாராதன் என்ற வங்காளி உழவன், ரங்மன் என்ற அசாமிய உழவன் ஆகிய இருவரின் கதையை இரு மொழிகளிலும் பாடினர். இருவரும் நிலத்தை நம்பி வாழ்பவர்கள், இருவரும் இழந்தவர்கள். அந்த எளிய உண்மையைத் துண்டறிக்கை சொல்லியிருந்தால் கிழித்தெறிந்திருப்பார்கள். பாட்டு சொன்னபோது நின்று கேட்டார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? பிறர் மொழியில் பாட முற்படுவது, அம்மொழி பேசுவோரை மதிப்பதன் முதல் அடையாளம். இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னையின் புறநகர்களிலும் வங்காளி, ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்களது தகரக் கொட்டகைகளின் முன், சலீல் சௌத்ரி தேபாகா உழவர் போராட்டத்துக்காக இயற்றிய வங்காளப் பாட்டை நம் தோழர்கள் நான்கு பேர் பாடினால் என்ன நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட குத்தகை உழவர்களின் பேரப் பிள்ளைகள் அந்தக் கொட்டகைகளில் இருக்கக் கூடும். அவர்களுக்கு அது தாய்வீட்டுக் குரல். மும்பையின் தாராவியில் தமிழ்ப் பாட்டைக் கேட்கும் நம் தொழிலாளிக்கு எப்படியோ, அப்படி.

எல்லாப் பாட்டும் நன்மை செய்யுமா?

சேர்ந்து பாடுவதாலேயே மக்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நாம் மயங்கக் கூடாது. ஹிட்லரின் படையினரும் அணிவகுத்துப் பாடினர். இன்று வட இந்திய நகரங்கள் பலவற்றில் சமய ஊர்வலங்கள் பள்ளிவாசல்களைக் கடக்கும்போது, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிகளில் வெறுப்புப் பாடல்கள் ஒலிபரப்பப்படுகின்றன. தாளம் ஒன்றுதான், உடலில் எழும் கிளர்ச்சியும் ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு எங்கே?

வெறுப்பின் பாட்டில் மனிதன் பாடுவதில்லை. இயந்திரம் பாடுகிறது, மனிதன் துள்ளுகிறான். தன் குரலைத் தானே கேட்க முடியாத அந்த ஓசையில் அவன் சிந்தனையை இழந்து கும்பலில் கரைகிறான். அவனது மகிழ்ச்சிக்கு மற்றொருவரின் அச்சம் தேவைப்படுகிறது. உழைக்கும் மக்களின் பாட்டில் ஒவ்வொரு குரலும் கேட்கும். ஒருவர் தொடங்க மற்றவர் மறுமொழி தருவார். பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்டால்தான் நமது குரலைச் சரியாக இணைக்க முடியும். அண்டை மனிதனைக் கேட்கக் கற்பிக்கும் பயிற்சி அது. ஜனநாயகத்துக்கு இதைவிட நல்ல ஆரம்பப் பாடம் எது?

ஆட்சியாளர்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிவார்கள். 1876இல் பிரிட்டிஷார் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டு வந்தனர். விடுதலைக்குப் பின்னும் அது நீக்கப்படவில்லை. தோப்பில் பாசி எழுதி, கேரள மக்கள் கலைக் கழகமான கே.பி.ஏ.சி. 1952 டிசம்பரில் அரங்கேற்றிய "நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி" நாடகத்தை அடுத்த ஆண்டே தடை செய்ய அச்சட்டம் பயன்பட்டது. ஓ.என்.வி. குறுப்பு எழுதி, தேவராஜன் இசையமைத்த அந்நாடகப் பாடல்களையோ தடை செய்ய முடியவில்லை. வயலில் களை எடுத்த பெண்களும் படகோட்டிகளும் அவற்றைப் பாடிக்கொண்டிருந்தனர். நீதிமன்றம் சென்று தடை விலக்கப்பட்டது. அந்தக் காலனியச் சட்டம் 2018இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது.

தொழிலாளர் பாடகர் குழுக்கள்

சேர்ந்து பாடுவது நம் உலக இயக்கத்தின் வேரிலேயே இருக்கிறது. பாரிஸ் கம்யூன் வீழ்த்தப்பட்ட 1871ஆம் ஆண்டில் ஒய்ஜீன் போத்தியே சர்வதேசிய கீதத்தை எழுதினார். தோல்வியின் இருளில், ஆயிரக்கணக்கான தோழர்கள் கொல்லப்பட்ட சில நாட்களில் எழுதப்பட்ட பாட்டு அது. 1888இல் லீல் நகரத் தொழிலாளியான பியேர் தெகெய்த்தர், தான் சார்ந்திருந்த தொழிலாளர் பாடகர் குழுவுக்காக அதற்கு இசையமைத்தார். ஒரு பெரும் இசைக் கலைஞரின் மாளிகையில் அந்த இசை பிறக்கவில்லை. வேலை முடிந்து மாலையில் கூடிப் பாடிய தொழிலாளர்களின் பயிற்சிக் கூடத்தில் பிறந்தது. 1927இல் அது காஜி நஸ்ருல் இஸ்லாமின் வங்காள வடிவில் நம் நாட்டை அடைந்தது.

1913 ஜனவரியில் தோழர் லெனின், ஜெர்மனியில் தொழிலாளர் பாடகர் குழுக்களின் வளர்ச்சி குறித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். அக்குழுக்களில் பாடும் தொழிலாளர் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியதையும், அவர்களில் 11,000 பேர் பெண்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டார். ஒரு புரட்சியின் தயாரிப்பில் மூழ்கியிருந்த தலைவர், எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கணக்குப் பார்த்தார். இது நமது கவனத்துக்குரியது.

நம் நாட்டில் சலீல் சௌத்ரி, 1950களின் இறுதியில் பம்பாயில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். இப்டாவில் வளர்ந்த எம்.பி. சீனிவாசன், 1970களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டியவரும் அவரே. இசைப் பயிற்சி பெறாத சாதாரண இளைஞர்களைக் கொண்டு பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாட வைத்தார். ஒருவரது தனித்திறமையைப் போற்றும் நம் இசை மரபில், பல குரல்கள் சமமாக நிற்கும் இசைக்கு அவர் இடம் தேடினார். பாடுவதற்குப் பிறப்போ குலமோ தகுதி அல்ல என்ற கருத்துக்கு அதுவே செயல் வடிவம்.

இன்றைய நிலை

இன்று பல ஊர்களில் காணும் காட்சி என்ன? கூட்டம் தொடங்குமுன் பதிவு செய்யப்பட்ட பாடல்கள் ஒலிக்கின்றன. தோழர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள். பாட்டு சிறந்த பாட்டுதான். பாடியவர் சிறந்த பாடகர்தான். ஆனால் பாடும் வாய்கள் மூடியிருக்கின்றன. வெளியிலோ, தொழிலாளியின் வாழ்வு முன்னெப்போதையும்விடத் தனிமைப்பட்டிருக்கிறது. உணவு கொண்டு செல்லும் இளைஞர் நாள் முழுவதும் வாகனத்தில் தனியே அலைகிறார். அவருக்கு மேலாளர் ஒரு செயலி. உடன் உழைப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாதம் எந்த ஆலை என்று தெரியாது. கடனில் மூழ்கிய உழவர் அண்டை வீட்டாரிடமும் பேச நாணுகிறார். தனிமை நம்பிக்கையைத் தின்றுவிடும். நம்பிக்கை இழந்தவரிடம் எவ்வளவு சரியான புள்ளிவிவரத்தைக் கொடுத்தாலும் அவர் எழுந்து வரமாட்டார்.

2020 நவம்பரில் தில்லி எல்லைக்கு வந்த உழவர்கள் இதை உணர்ந்திருந்தனர். சிங்கு, டிக்ரி, காசிப்பூர் எல்லைகளில் கடுங்குளிரிலும் கோடையிலும் மழையிலும் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்தனர். எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்று உழவர் அமைப்புகள் கணக்கிட்டன. அத்தனை இழப்பிலும் அவர்கள் கலையாமல் நின்றதற்குக் காரணங்கள் பல. உறுதியான தலைமையும் ஒன்றுபட்ட அமைப்பும் முதன்மையானவை. அவற்றோடு, பொதுச் சமையற்கூடமும் டிராக்டர் வண்டிகளைச் சுற்றி மாலைதோறும் எழுந்த பாட்டும் இருந்தன. பஞ்சாபிப் பெண்கள் திருமண வீட்டில் பாடும் மெட்டுகளில் மூன்று சட்டங்களையும் கேலி செய்து பாடினர். ஓராண்டுக் காலம் கோபத்தை மட்டுமே உண்டு எவரும் வாழ முடியாது. சிரிக்கவும் பாடவும் தெரிந்த போராட்டம்தான் நீண்ட நாள் தாக்குப் பிடிக்கும். 2021 நவம்பர் 19 அன்று, சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமரே அறிவிக்க நேர்ந்தது.

நாம் செய்ய வேண்டியவை

இந்த முகாமிலிருந்து திரும்பும்போது சில எளிய பணிகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு கிளையிலும் எல்லா உறுப்பினரும் ஏடு பார்க்காமல் பாடக்கூடிய ஐந்து பாடல்களேனும் இருக்க வேண்டும். கூட்டத்தின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றும் பாடினால், சில மாதங்களில் அவை தானே மனத்தில் பதியும்.

இரண்டாவதாக, கற்பிக்கும் முறையில் கவனம் தேவை. ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். தொடங்கும் சுருதி தாழ்வாக இருக்கட்டும். பெரும்பாலான பாட்டுகள் தடுமாறுவது, பாடகர் தமக்கு ஏற்ற உயரத்தில் தொடங்கிவிடுவதால்தான். கருவி என்று ஒரு பறையோ கைத்தட்டலோ போதும். ஒலிபெருக்கி இல்லாமல் பாடிப் பழகுங்கள்.

மூன்றாவதாக, "எனக்குக் குரல் இல்லை" என்று ஒதுங்கும் தோழரை அழைத்து நடுவில் நிறுத்துங்கள். குறிப்பாகப் பெண் தோழர்கள். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்தவர்கள் அவர்கள். ஒப்பாரியைப் போல் குற்றம் சாட்டும் வலிமை பெற்ற வடிவம் வேறு இல்லை.

நான்காவதாக, முதிய தோழர்கள் நெஞ்சில் சுமந்திருக்கும் பாடல்களை மெட்டோடு பதிவு செய்யுங்கள். எழுத்தில் மட்டும் இருக்கும் பாட்டு பாதிப் பாட்டு. ஒரு தோழர் மறையும்போது ஒரு மெட்டும் மறைந்துவிடக் கூடாது.

ஐந்தாவதாக, போராட்டப் பாடல்களை மட்டுமே பாட வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்காதீர்கள். காதலும் கேலியும் குழந்தையின் விளையாட்டும் உழைப்பவரின் உரிமைதான். மகிழ்ச்சியை முதலாளியின் தோட்டத்து மலராக விட்டுவிட்டு, கண்ணீரை மட்டும் நாம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த உலகத்துக்காகப் போராடுகிறோமோ, அந்த உலகத்தின் சுவையைச் சிறிதேனும் இன்றே அறிந்தவர்தான் அதற்காக இறுதி வரை நிற்பார்.

தோழர்களே, இப்டாவின் சின்னத்தை ஓவியர் சித்தபிரசாத் வரைந்தார். முரசறையும் மனிதனின் உருவம் அது. பஞ்சமும் போரும் சூழ்ந்த ஆண்டுகளில் அந்த முரசு மக்களை அழைத்தது. மக்களைப் பிரித்து ஆளும் ஆட்சியும், தனிமையை வளர்க்கும் பொருளாதாரமும் சூழ்ந்த இன்றைய நாளிலும் அந்த அழைப்புக்குத் தேவை இருக்கிறது. உரையைக் கேட்டுக் கைதட்டிக் கலைவது வழக்கம். இன்று அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்வோம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். முன்வரிசைத் தோழர்கள் அடி எடுத்துக் கொடுக்கட்டும்; மற்றவர்கள் திருப்பிப் பாடுவோம்.